ஒன்பது ஹோல் கார்டுக்கு உடனே கணக்கு: கோல்ஃப் ஹேண்டிகேப் 2024 திருத்தம், டெல்டா ஆட்டக்காரர் பக்கத்தில் இருந்து ஒரு மதிப்புரை

டெல்டாவில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குக் கையில் கிடைக்கும் ரவுண்டுகளே குறைவு. திருச்சியில் இருந்து கொடைக்கானல் கோல்ஃப் மைதானம் சுமார் 200 கி.மீ. கோவை செட்டிபாளையமும் ஏறக்குறைய அதே தூரம். சென்னை நந்தனம் 300-ஐத் தாண்டிவிடும். தஞ்சாவூர், கும்பகோணத்துக்காரர்கள் மலைக்குப் போவதென்றால் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் கூடும். போன இடத்தில் மூடுபனி இறங்கினாலோ மழை பிடித்தாலோ 18 ஹோலை முடிக்காமல் ஒன்பதாவது ஹோலோடு திரும்ப வேண்டியதுதான். சித்திரை, வைகாசியில் சமவெளி மைதானங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஆட உடம்பு ஒத்துழைக்காது. ஆகவே ஒன்பது ஹோல் ஸ்கோர் கார்டுக்கு என்ன மதிப்பு என்பது இந்தப் பக்கத்து ஆட்டக்காரருக்கு மற்ற எவரையும் விட முக்கியமான கேள்வி.

ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறமையைப் பொறுத்து அவருக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக் (அடி) சலுகை. அதைக் கணக்கிடும் உலக ஹேண்டிகேப் முறை 2020-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உலகில் ஆறு வெவ்வேறு முறைகள் இருந்தன. ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அவற்றை ஒன்றாக்கின. இந்தியாவில் அதை நடத்துவது இந்தியன் கோல்ஃப் யூனியன். முதல் பெரிய திருத்தம் 2024 ஜனவரியில் வந்தது. இங்கே மதிப்பிடுவது அந்தத் திருத்தத்தைத்தான், அதுவும் வருடத்துக்குச் சில ரவுண்டுகள் மட்டும் ஆடுகிறவரின் தேவையை வைத்து. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தரலாம். நான்கு எதற்கு, ஒன்று ஏன் குறைகிறது என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

முன்பு ஒன்பது ஹோல் ஆடிக் கார்டு கொடுத்தால் அது பதிவேட்டில் தனியாகக் காத்திருக்கும். இன்னொரு ஒன்பது வந்தபின் இரண்டையும் கூட்டி ஒரு 18 ஹோல் ஸ்கோராக்குவார்கள். பொங்கல் விடுமுறையில் ஆடியது பங்குனியில்தான் இண்டெக்ஸில் (ஆட்டக்காரரின் ஹேண்டிகேப் எண்) தெரியும். வேறு மாதம், வேறு மைதானம், வேறு காற்று, எல்லாம் ஒரே ஸ்கோராக ஒட்டப்படும். இப்போது அப்படி இல்லை. ஆடிய ஒன்பதுக்கு ஒரு டிஃபரன்ஷியல், அதாவது மைதானத்தின் கடினத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்திய ஸ்கோர் எண், போடுகிறார்கள். ஆடாத ஒன்பதுக்கு உங்கள் இண்டெக்ஸ் உள்ள ஒரு சராசரி ஆட்டக்காரர் என்ன போடுவாரோ அந்த எதிர்பார்ப்பு ஸ்கோரைச் சேர்க்கிறார்கள். கூட்டுத்தொகை அன்றைக்கே ஒரு முழு 18 ஹோல் டிஃபரன்ஷியல் ஆகி, மறுநாள் இண்டெக்ஸில் தெரிந்துவிடும். குறுவை நெல் சீக்கிரம் விளைந்தது என்பதற்காகக் கொள்முதல் நிலையத்தில் அதை அரை மூட்டையாக எடை போடுவதில்லை. ஒன்பது ஹோல் கார்டுக்கும் இப்போதுதான் அந்த நியாயம் கிடைத்திருக்கிறது.

கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஒரு முறையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. செயலி காட்டும் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்ற சந்தேகம் அதோடு தீரும். ஓர் உதாரண மைதானத்தை எடுத்துக்கொள்வோம். முன் ஒன்பதின் பார் (மைதானம் வகுத்த அடிகளின் எண்ணிக்கை) 36, கோர்ஸ் ரேட்டிங் (ஹேண்டிகேப் தேவைப்படாத தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் ஸ்கோர்) 34.8, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்ற எண்; நடுத்தரம் 113) 124. ஆட்டக்காரரின் இண்டெக்ஸ் 14.0.

முதலில் கோர்ஸ் ஹேண்டிகேப், அதாவது இந்த மைதானத்தில் அவருக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக். ஒன்பது ஹோலுக்கு இண்டெக்ஸில் பாதி, அதாவது 7.0. அதை 124-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் 7.68. இதோடு கோர்ஸ் ரேட்டிங்கில் இருந்து பாரைக் கழித்த எண்ணைச் சேர்க்க வேண்டும். 34.8-ல் 36 போனால் மைனஸ் 1.2. ஆக 6.48, முழு எண்ணாக 6. இந்த ரேட்டிங்–பார் கழித்தல் எல்லா நாட்டிலும் பொதுவானதும் 2024-ல்தான். ரேட்டிங் பாரை விடக் குறைவாக இருக்கும் மைதானத்தில் திடீரென்று ஸ்ட்ரோக் குறைந்துவிட்டதாகச் சிலர் வருத்தப்படுவதற்குக் காரணம் இதுவே. வருத்தம் தேவையில்லை. பாருக்கும் ரேட்டிங்குக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை முன்பு ஸ்டேபிள்ஃபோர்டில் (ஒவ்வொரு ஹோலுக்கும் பாயிண்ட் தரும் ஆட்ட முறை) மனதுக்குள் சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது 18 ஹோலுக்கு 36 பாயிண்ட், ஒன்பதுக்கு 18 பாயிண்ட் என்றால் எந்த மைதானத்திலும் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடியதாக அர்த்தம்.

இவர் ஒன்பது ஹோலில் 42 போட்டார் என்று வையுங்கள். 36-ம் 6-ம் 42; ஹேண்டிகேப்புக்குச் சரியான ஆட்டம், 18 பாயிண்ட். 42-ல் 34.8 கழித்தால் 7.2. அதை 113-ஆல் பெருக்கி 124-ஆல் வகுத்தால் 6.6. இது ஒன்பது ஹோல் டிஃபரன்ஷியல். 14.0 இண்டெக்ஸுக்கு எதிர்பார்ப்பு டிஃபரன்ஷியல் சுமார் 8.5. கூட்டினால் 15.1.

இங்கேதான் பலருக்குப் புரியாமல் போகிறது. ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடியவருக்கு 14.0 அல்லவா வர வேண்டும், 15.1 எப்படி வந்தது? விடை இண்டெக்ஸின் அடிப்படையிலேயே இருக்கிறது. கடைசி 20 ஸ்கோரில் சிறந்த 8-ன் சராசரிதான் இண்டெக்ஸ். அது நல்ல நாட்களின் கணக்கு, எல்லா நாட்களின் கணக்கு அல்ல. 14.0 உள்ளவர் சாதாரண நாளில் 17-ஐ ஒட்டித்தான் ஆடுவார், 8.5-ஐ இரட்டித்தால் அதுதான் வருகிறது. ஆடாத ஒன்பதுக்கு முறை அந்தச் சாதாரண நாளைத் தருகிறது. நல்ல நாளையும் தரவில்லை, மோசமான நாளையும் தரவில்லை. பிரிட்டனின் பழைய முறையில் ஒன்பது ஹோல் தகுதிப் போட்டியில் எடுத்த பாயிண்டோடு 18 பாயிண்டைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆடாத பாதியை ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடியதாகவே கருதினார்கள். அது தாராளமான அனுமானம். புதியது உண்மைக்கு நெருக்கமானது என்பதே என் கணிப்பு. ஆனால் இந்த விளக்கத்தை யாரும் ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்துத் தருவதில்லை. கிளப்புகள் தர வேண்டும்.

அதே ஆட்டக்காரர் 40 போட்டிருந்தால் ஒன்பது ஹோல் டிஃபரன்ஷியல் 4.7, மொத்தம் 13.2. அதாவது இந்த மைதானத்தில் 14.0-க்குக் கீழே ஒரு டிஃபரன்ஷியல் வேண்டுமென்றால் 20 பாயிண்ட் அளவுக்கு ஆட வேண்டும். ஒன்பது ஹோலுக்கு 20 பாயிண்ட் என்ற இலக்கைத் தோராயமாக மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

குறையும் ஒரு நட்சத்திரம் இந்த இடத்துக்குத்தான். 42, 40 என்ற இரண்டு ஒன்பதையும் பழைய முறையில் சேர்த்தால் ஒரே டிஃபரன்ஷியல் 11.3. புதிய முறையில் 15.1, 13.2 என்று இரண்டு. ஒவ்வொரு கார்டிலும் பாதி எதிர்பார்ப்பு ஸ்கோர் என்பதால் நல்ல நாளும் மழுங்குகிறது, மோசமான நாளும் மழுங்குகிறது. ஸ்கோர்கள் எல்லாம் நடுவை நோக்கிக் குவிகின்றன. 20-ல் சிறந்த 8-ஐ எடுக்கும் முறையில் ஏற்ற இறக்கம் குறைந்தால் அந்தச் சிறந்த 8-ம் நடுவுக்கு அருகில் வந்துவிடும். எனவே ஒன்பது ஹோல் மட்டுமே ஆடுகிறவரின் இண்டெக்ஸ் மெல்ல மேலே நகர வாய்ப்பு இருக்கிறது. ஆட்டம் கெட்டதால் வரும் ஏற்றம் அல்ல அது, கணக்கின் இயல்பால் வருவது. இதற்கு மருந்து கலந்து ஆடுவது. மலைக்குப் போகும் ஒவ்வொரு பயணத்திலும் குறைந்தது ஒரு முழு 18-ஐ முடிக்கப் பாருங்கள். மற்றதெல்லாம் ஒன்பதாக இருந்தாலும் இண்டெக்ஸ் நேராக நிற்கும்.

கிளப்பின் ஹேண்டிகேப் கமிட்டியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இண்டெக்ஸை விட 7.0 முதல் 9.9 வரை குறைவான டிஃபரன்ஷியல் வந்தால் இண்டெக்ஸில் இருந்து 1.0 கூடுதலாக வெட்டுவார்கள். 10-ம் அதற்கு மேலும் என்றால் 2.0. அசாதாரண ஸ்கோர் விதி என்பது இது. ஒன்பது ஹோல் கார்டில் இது ஏறக்குறைய வேலையே செய்யாது. நம் உதாரண ஆட்டக்காரருக்கு இந்த வெட்டு விழ வேண்டுமென்றால் அவர் 33 போட வேண்டும், பாருக்கு மூன்று கீழே! 14 ஹேண்டிகேப்காரர் அப்படிப் போடுவது நடக்காத காரியம். ஆகவே இண்டெக்ஸை உயர்த்தி வைத்துக்கொண்டு ஒன்பது ஹோல் போட்டியில் பரிசு அள்ளுகிறவரைக் கணினி பிடித்துத் தராது. வருடத்துக்கு ஒரு முறையாவது கமிட்டி உட்கார்ந்து ஒவ்வொருவரின் பதிவையும் கண்ணால் பார்த்து, தேவைப்பட்டால் கையால் திருத்த வேண்டும். அந்த அதிகாரம் விதியிலேயே இருக்கிறது. பயன்படுத்தத் தயங்கக் கூடாது.

பாதியில் நின்றுபோன 18 ஹோலுக்கும் இப்போது எதிர்பார்ப்பு ஸ்கோர்தான். குறைந்தது 10 ஹோல் ஆடியிருந்தால் 18 ஹோல் கார்டாகக் கொடுக்கலாம். மீதியை முறையே நிரப்பிக்கொள்ளும். முன்பு ஆடாத ஹோல்களுக்கு நெட் பார் (பாரோடு அந்த ஹோலில் கிடைக்கும் ஸ்ட்ரோக்கைச் சேர்த்த எண்) எழுதுவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் பலர் கையில் இருக்கிறது. 14-வது ஹோலில் பனி மூடி நிறுத்தினால் 15 முதல் 18 வரை நீங்களே பேனாவால் நிரப்பாதீர்கள். ஆடாத ஹோல் என்று காலியாக விடுங்கள். இருட்டு, மின்னல், காயம், உடல்நலக் குறைவு போன்ற நியாயமான காரணம் இருக்க வேண்டும். ஸ்கோர் பிடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போவது காரணம் ஆகாது; அதைக் கமிட்டி கண்டுபிடித்தால் தண்டனை ஸ்கோர் போடலாம். ஒன்பது ஹோல் கார்டு என்றால் ஒன்பதையும் ஆடியிருக்க வேண்டும். ஏழோடு நிறுத்தியதற்கு இடமில்லை.

கார்டு கொடுக்கும்போது நடக்கும் தவறுகளில் அதிகமாகப் பார்ப்பது ஒன்பதைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது. முன் ஒன்பதுக்கும் பின் ஒன்பதுக்கும் தனித்தனி ரேட்டிங், தனித்தனி ஸ்லோப். பத்தாவது டீயில் (ஹோலின் தொடக்க இடம்) இருந்து தொடங்கியவர் செயலியில் முன் ஒன்பதை அழுத்திவிட்டால் டிஃபரன்ஷியல் முழுக்கத் தப்பு. டீயின் நிறமும் அப்படியே. ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே டீக்கு வேறு ரேட்டிங் உண்டு. அடுத்தது ஸ்ட்ரோக் இண்டெக்ஸ், அதாவது எந்த ஹோலில் முதலில் ஸ்ட்ரோக் கிடைக்கும் என்பதைச் சொல்லும் வரிசை எண். முன் ஒன்பதில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்களே போடப்பட்டிருக்கும் மைதானத்தில், ஒன்பது ஹோலுக்கு 6 ஸ்ட்ரோக் பெறுகிறவர் 1, 3, 5 மூன்றில் மட்டும் ஸ்ட்ரோக் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார். அந்த ஒன்பதுக்குள் கடினமான ஆறு ஹோலுக்கும் ஸ்ட்ரோக் உண்டு; அதாவது 11 வரை. இதைத் தொடங்கும் முன் கார்டில் புள்ளி வைத்துக்கொண்டால் சண்டை வராது.

ஒரு ஹோலில் எத்தனை அடித்தாலும் ஹேண்டிகேப் கணக்குக்கு உச்சவரம்பு நெட் டபுள் போகி: பார், அதோடு இரண்டு, அதோடு அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக். பார் 4-ல் ஒரு ஸ்ட்ரோக் இருந்தால் 7. மொத்த ஸ்கோரை மட்டும் எழுதாமல் ஹோல் ஹோலாகப் பதிந்தால் இந்தத் திருத்தத்தை மென்பொருளே செய்துவிடும். தனியாக ஆடிய ரவுண்டு செல்லாது. குறைந்தது இன்னொருவர் உடன் இருந்திருக்க வேண்டும்; அவரும் ஆடியிருக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டன், அயர்லாந்தில் போட்டி அல்லாத கார்டுக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே பதிவு செய்தாக வேண்டும். நீங்கள் விருந்தினராகப் போகும் கிளப்பின் நடைமுறை என்ன என்று ஹேண்டிகேப் செயலரிடம் முதல் டீக்குப் போகும் முன் கேட்டுவிடுங்கள்.

கார்டை அன்று நள்ளிரவுக்குள் பதிய வேண்டும். கொடைக்கானலில் ஆடிவிட்டு மலைப்பாதை இறங்கி, வத்தலகுண்டு, திண்டுக்கல் தாண்டி வீடு வந்து, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் அதிகம். காரணம் இல்லாமல் வைத்த கெடு அல்ல இது. அன்று மைதானம் வழக்கத்தை விடக் கடினமாக இருந்ததா, எளிதாக இருந்ததா என்பதை அன்றைய ஸ்கோர்களை வைத்தே கணினி கணிக்கிறது, 36.0 வரை இண்டெக்ஸ் உள்ளவர்களின் எட்டு கார்டாவது இருந்தால்தான் கணிக்கும். திருத்தம் மைனஸ் 1 முதல் பிளஸ் 3 வரை போகலாம். ஒன்பது ஹோலுக்கு அதில் பாதி. பலத்த காற்றில் எல்லோரும் திணறிய நாளில் எட்டாவது கார்டு உங்களுடையதாக இருந்து, அது பதியப்படாமல் போனால், அந்தச் சலுகை அங்கே ஆடிய யாருக்குமே கிடைக்காது. 2024 திருத்தத்துக்குப் பின் இந்தச் சரிசெய்தல் முன்பை விடச் சுலபமாக வருகிறது. ஆகவே காரில் ஏறும் முன் பதிந்துவிடுங்கள்.

புதிதாக இண்டெக்ஸ் எடுக்கிறவர்களுக்கு 54 ஹோல் தேவை. மூன்று 18 ஆகவும் இருக்கலாம், ஆறு ஒன்பது ஆகவும் இருக்கலாம், கலந்தும் இருக்கலாம். உச்சவரம்பு ஆண், பெண் இருவருக்கும் 54.0. ஆறு ஒன்பதில் முடிக்கலாம் என்பது வார இறுதி ஆட்டக்காரருக்குப் பெரிய வசதி. முதல் எண்ணைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். மூன்று ஸ்கோர் இருக்கும்போது மிகக் குறைந்ததில் இருந்து மேலும் 2.0 கழிப்பார்கள். 30.4, 28.1, 33.0 என்று மூன்று டிஃபரன்ஷியல் வந்தால் முதல் இண்டெக்ஸ் 26.1. நான்காவது ஸ்கோர் வந்ததும் கழிவு 1.0 ஆகிவிடும், அது 28.1-ஐ விட மோசமாக இருந்தாலும் இண்டெக்ஸ் 27.1. ஐந்தாவதில் கழிவே இல்லை, 28.1. ஆட்டம் அப்படியே இருக்க எண் மட்டும் ஏறுவது இதனால்தான். ஆறாவதில் சிறந்த இரண்டின் சராசரியில் 1.0 கழிவு, அதற்குப் பின் ஸ்கோர் கூடக் கூட எடுக்கும் எண்ணிக்கையும் கூடி, 20-ல் எட்டு ஆகும்.

இன்னொன்று, இண்டெக்ஸ் தாறுமாறாக ஏறாமல் பிடித்து நிறுத்தும் வரம்பு 20 ஸ்கோர் சேர்ந்த பிறகே செயல்படும். அதன்பின், ஓராண்டுக்குள் தொட்ட மிகக் குறைந்த இண்டெக்ஸை விட 3.0-க்கு மேல் ஏறினால் மீதி ஏற்றம் பாதியாகும், 5.0-க்கு மேல் ஏறவே முடியாது. வருடத்துக்கு ஆறு கார்டு மட்டும் கொடுக்கிறவருக்கு 20 சேர மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அவர் ஆடும் ஒன்பதுகளையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு வருடத்தில் தாண்டிவிடலாம். ஒன்பது ஹோல் கார்டைத் தவறாமல் கொடுங்கள் என்று வலியுறுத்த இதை விட வலுவான காரணம் இல்லை.

போட்டி நடத்துகிறவர்களுக்கு இந்தத் திருத்தம் நல்ல வாய்ப்பு. பங்குனி முதல் ஆவணி வரை காலை 6 மணிக்கு முதல் டீயிலும் பத்தாவது டீயிலும் ஒரே நேரத்தில் தொடங்கினால், மூவர் குழுக்கள் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஒன்பதை முடித்துவிடலாம். வெயில் ஏறும் முன் பரிசும் கொடுத்துவிடலாம். முன் ஒன்பது ஆடியவர்களையும் பின் ஒன்பது ஆடியவர்களையும் ஒரே பட்டியலில் வைக்கலாம். ரேட்டிங்–பார் கழித்தல் கோர்ஸ் ஹேண்டிகேப்பிலேயே அடங்கியிருப்பதால் பாயிண்டுகளை நேரடியாக ஒப்பிடலாம். தனிநபர் ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்), ஸ்டேபிள்ஃபோர்ட் இரண்டுக்கும் பரிந்துரைக்கப்படும் ஹேண்டிகேப் 95 சதவீதம். முழு எண்ணாக்கும் முன் உள்ள தசமத்தின் மீது இதைப் போட வேண்டும்: 6.48-க்கு 6.16, முடிவு 6. ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறாக இருந்தால் பந்தை எடுத்துத் துடைத்து வைக்கும் லோக்கல் ரூலை எழுத்தில் அறிவித்துவிடுங்கள். அப்படி ஆடிய கார்டும் ஹேண்டிகேப்புக்குச் செல்லும். அறிவிக்காமல் அவரவர் இஷ்டத்துக்குத் துடைத்தால் செல்லாது.

கடைசியாக ஒரு மாற்றம் டெல்டாவுக்கே கைகொடுக்கக்கூடியது, அதிகம் பேசப்படாதது. ரேட்டிங் பெற ஒரு மைதானத்துக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச நீளம் பாதியாகிவிட்டது. 18 ஹோலுக்கு 3,000 கெஜம் இருந்தது இப்போது 1,500. ஒன்பதுக்கு 750 கெஜம் போதும். சராசரியாக ஒரு ஹோல் 83 கெஜம், எல்லாமே பார் 3. ஆலைக் குடியிருப்பு, கல்லூரி வளாகம், ஆற்றங்கரை விடுதி என்று ஏற்கெனவே திறந்தவெளி வைத்திருக்கிறவர்கள் யோசிக்கலாம். நஞ்சையை அழித்து இதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று விவசாயி காத்திருக்கும் ஊரில் புல்லுக்கு நிலத்தடி நீரை இறைப்பது தகாது. குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணலில் அமைக்கும் பிரவுன் இந்தியாவில் பல சிறு மைதானங்களில் உண்டு. தண்ணீர்ச் செலவு குறைவு. டெல்டாவின் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் பிசுபிசுக்கும் என்பதால் டீக்களை மேடாக்கி, வடிகால் சரிவோடு அமைக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ரேட்டிங் பற்றி இந்தியன் கோல்ஃப் யூனியனிடம் பேசிவிடுங்கள். ஹோல்களின் நீளத்தை நிரந்தரக் குறிகளில் இருந்து முறையாக அளந்து கொடுக்க வேண்டியிருக்கும். டீயின் குறியைப் பிற்பாடு இடம் மாற்றினால் அந்த அளவு பொருந்தாமல் போகும். ரேட்டிங் இல்லாத ஒன்பதில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தக் கார்டு பதிவேட்டில் ஏறாது.